நான்கு துண்டாக விழுந்த காப்பிக் கொத்து

வுட்ரிட்ஜ், குயின்ஸ்லாந்து
10 பிப்ரவரி 1991

கூரா அண்ணிக்கு,

இனாங்காரோ எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே யார் கையெழுத்து என்று தெரிந்திருக்கும். அடுப்பில் போடாமல் பிரித்தீர்களே, அதற்கே நன்றி.

எட்டு மாதம் ஆகிவிட்டது. உங்கள் தம்பி கல்லறைக்குக் கல் வந்துவிட்டது. கறுப்புக் கல். பெயருக்கு அடுத்த வரியிலேயே "ஆத்தியூ தீவில் பிறந்தவர்" என்று பொறிக்கச் சொன்னேன். கல் வெட்டுகிறவன் ஆத்தியூவை மூன்று தடவை தப்பாக எழுதினான், மூன்று தடவையும் நின்று திருத்தினேன். கல் திறப்பு ஜூன் 22, சனிக்கிழமை.

அன்று வரைக்கும் கல்லை மூடி வைக்க, பூவும் இலையும் வைத்துத் தைத்த டிவைவைப் போர்வைகள் வேண்டும். மேலே போடுகிற போர்வைகளை இங்கே நம் ஊர்ப் பெண்கள் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், கல்லோடு ஒட்டி ஒன்று கிடக்குமே, கடைசியாக எடுப்பது, அது நான் தைத்ததாக இருக்க வேண்டும். அதை எடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். மாராவுக்குக் கூடப்பிறந்தவள் நீங்கள் ஒருத்திதான். நீங்கள் எடுக்காவிட்டால் அது திறப்பே இல்லை.

சிரிக்காதீர்கள். நான் தைத்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். குரோஷா ஊசி கொடுத்தால் எனக்குக் கை பறக்கும், தையல் ஊசி கொடுத்தால் விரல்தான் குத்துப்படும், தெரியும். ஆனாலும் தைப்பேன். நீங்கள் ஒன்று மட்டும் செய்ய வேண்டும். துணியை எட்டாக மடித்து, ஒரே வெட்டில் பூவும் இலையும் விழ வெட்டித் தர வேண்டும். அதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

இனாங்காரோ


அரேயோரா, ஆத்தியூ
3 மார்ச் 1991

இனாங்காரோ,

அன்புள்ள என்று எழுத வரவில்லை, அதனால் எழுதவில்லை.

கல் வந்ததா? நல்லது. இங்கே என்ன வந்தது என்று சொல்கிறேன், கேள். போன ஜூனில் நம் வீட்டு முன்னால், அப்பா கல்லறைக்குப் பக்கத்தில், நாலு பேர் ஒரு நாள் முழுக்கக் குழி தோண்டினார்கள். நான் அவர்களுக்குச் சேப்பங்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். போதகர் வந்து வாசலில் நின்றார். "கூரா, அவனை அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்மா" என்றார். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டே இருந்தது. அந்த நாலு பேரும் மண்ணைத் திரும்பத் தள்ளியபோது ஒருத்தன்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. போதகருக்குச் செய்தி சொல்லத் தெரிந்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையா? அவனுக்கு மூன்று வயதிலிருந்து மூக்கைத் துடைத்துவிட்டவள் நான்.

அதுகூடப் போகட்டும். இதற்குப் பதில் சொல். உங்கள் கல்யாணத்துக்கு ஒரு டிவைவை தைத்துக் கொடுத்தேன், சிவப்பில் மஞ்சள் செம்பருத்தி, பதினாலு மாத வேலை. அதை அவன் பெட்டிக்குள் போட்டாயா, இல்லையா? நம் சனத்தில் எவனும் தன் வீட்டுப் பெண் தைத்ததைப் போர்த்திக்கொள்ளாமல் மண்ணுக்குள் போனதில்லை. உங்கள் ஊரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்த நூவின் பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? "கோவிச்சுக்காதீங்கக்கா. பெட்டி மூடுறப்ப ஒரு புலி தெரிஞ்சுது" என்றாள். புலி! அன்று முதல் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம், நீ தைக்கப் போகிறாயாம். டீக்கனுக்கு நீ தலையணை உறை தைத்துக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? உன் தையலின் இடைவெளியில் மனுஷனுடைய காது மாட்டிக்கொண்டு, காலை ஜெபத்துக்கு உறையோடு வந்து நின்றார். அந்தக் கையை வைத்துக்கொண்டு என் தம்பி கல்லுக்குப் போர்வையா!

வெட்டித் தர மாட்டேன். வரவும் மாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்.

கூரா


வுட்ரிட்ஜ்
20 மார்ச் 1991

கூரா அண்ணி,

திட்டுங்கள். எட்டு மாதமாக நீங்கள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன் அல்லவா, அங்கே கிழிந்த விரிப்புகளைக் குவித்துப் போட்டிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பழகுகிறேன். சிவப்புத் துணித் துண்டு, வெள்ளை விரிப்பு, ஓரத்தை உள்ளே மடித்து மடித்துத் தையல். முதல் வாரம் ஒரு இலைக்கு நாலு நாள் ஆனது. இப்போது ஒரு நாள். கூட வேலை செய்கிற லொரெய்ன் கேட்டாள், "ஏம்மா, கடையில அழகழகா கிடைக்குது, எதுக்கு இப்படிக் கையக் குத்திக்கிற?" என்று. "கடைக்காரனுக்கு எம் புருஷன் யாரு?" என்றேன். அதற்குப் பிறகு அவளே எனக்கு நூல் கோத்துத் தருகிறாள்.

நீங்கள் வெட்டித் தர மாட்டீர்கள் என்றால் நானே வெட்டிக்கொள்கிறேன். படம்கூட வரைந்துவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். காப்பிக் கொத்து. பழம் பறிக்கும் காலத்தில்தானே அவர் என்னை முதலில் பேச்சுக்கு இழுத்தார். நீங்களும் கூடை தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றீர்கள், ஞாபகம் இருக்கும். ஏப்ரல் முடிகிற வரைக்கும் பார்ப்பேன். உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் கத்திரிக்கோலைக் கையில் எடுப்பேன். தலைகீழாக நின்றாவது ஜூன் 22க்குள் தைத்து முடிப்பேன்.

நீங்கள் கேட்ட கேள்வி என் கண்ணில் படாமல் இல்லை. இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை.

இனாங்காரோ


அரேயோரா
9 ஏப்ரல் 1991

இனாங்காரோ,

படம் வந்தது. மாதர் சங்கத்தில் காட்டினேன். மூன்று பேர் மிளகாய் என்றார்கள். ஒருத்தி இறால் என்றாள். இதை நீயே வெட்டி, என் தம்பி கல்மேல் போட்டு, நம் குடும்பத்துப் பெயரைக் குயின்ஸ்லாந்து முழுக்கக் கெடுப்பாயாம், நான் பார்த்துக்கொண்டிருப்பேனாம்! பெட்டியில் இருந்த நல்ல சிவப்புத் துணியை எடுத்தேன். உனக்காக இல்லை. அவனுக்காக.

இனி நான் எழுதுவதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. இதை நீ அங்கே யாரிடமும் சொல்லக் கூடாது.

சங்கக் கூடத்தில் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துணியை மடித்தேன், இன்னொரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு. கொத்தின் அடிக்காம்பு மடிப்பு கூடுகிற முனையில் இருக்க வேண்டும், அப்போதுதான் விரித்தால் ஒரே துண்டாக நிற்கும். சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷமாக வெட்டுகிறேன். நான் காம்பை மறு முனையில் வைத்துவிட்டேன். நாலு ஓரமும் திறந்து கிடக்கிற முனையில். வெட்டி முடித்து உதறினேன். தனித்தனியாக நாலு துண்டு தரையில் விழுந்தது.

எல்லோரும் முதலில் சிரித்தார்கள். நான் வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள். அது சிரிப்பைவிட மோசம். வெட்டும்போது நான் துணியைப் பார்க்கவில்லை, இனா. அந்தப் புலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூக்கிப் போடுங்கக்கா, வேற துணி தரோம்" என்றார்கள். போட மாட்டேன். அவனுக்கென்று வெட்டியது. நாலு துண்டையும் காம்பு நடுவில் சேருகிற மாதிரி திருப்பி வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. அதனால் இரண்டு துண்டு எனக்கு, இரண்டு உனக்கு. வெள்ளைத் துணியையும் சரிபாதியாகக் கிழித்து உன் பாதியை இதோடு அனுப்புகிறேன். போதகரின் பெண்டாட்டி பிரிஸ்பேனுக்கு வருகிறாள், அவள் பெட்டியில் வரும். ஓரத்தை ஊசி முனையாலேயே உள்ளே தள்ளு, விரலால் தள்ளாதே. நூல் மேலே தெரியக் கூடாது. ஒரு சாண் தைத்துப் பழகி, மாதிரி அனுப்பு. நான் சரி என்றால்தான் துண்டில் ஊசி வைக்க வேண்டும்.

வருவதாக நான் சொல்லவில்லை. பதில் இன்னும் வரவில்லை.

கூரா


வுட்ரிட்ஜ்
28 ஏப்ரல் 1991

கூரா அண்ணி,

மாதிரி இதோடு இருக்கிறது. நாலு தடவை பிரித்துத் தைத்தது. பின்பக்கத்தைப் பார்க்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள், பாருங்கள்.

பதில் எழுதுகிறேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதுகிறேன்.

புலிதான். நூவின் பெண்டாட்டி பார்த்தது உண்மை. தேவாலயக் குலுக்கலில் அவருக்கு விழுந்த கம்பளி. பெரிய புலி, பல்லைக் காட்டிக்கொண்டு. பரிசு விழுந்த அன்று ஊருக்கெல்லாம் காட்டினார். மகள் தேரேயைக்கூடப் பயமுறுத்தினார். அதைத்தான் போர்த்தி அனுப்பினேன்.

உங்கள் டிவைவையை எடுத்துக்கொண்டுதான் போனேன் அண்ணி. பெட்டிக்குள் போட்டேன். அதில் அவர் வாசனை இருந்தது. எடுத்துவிட்டேன். தேரே என்னைப் பார்த்து, "என்னம்மா பண்றீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். திரும்பப் போட்டேன். மறுபடியும் எடுத்துவிட்டேன். மூடுகிறவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ காரிலிருந்து அந்தக் கம்பளியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். இருபத்தாறு வருஷம் இரண்டு பேர் படுத்த கட்டிலில் தனியாகப் போய்ப் படுக்க வேண்டும் என்று நினைத்ததும் என் கை அதை விடவில்லை. அவ்வளவுதான். அவருக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்காமல் இங்கே அடக்கம் செய்ததற்கும் அதே காரணம்தான். கேட்டிருந்தால் கொண்டுவா என்றிருப்பீர்கள். கொண்டுவந்திருப்பேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் யார் பக்கத்தில் போய் உட்காருவேன்? பெண் இங்கே, பேரன் இங்கே, அவர் மட்டும் அங்கேயா? அதனால் கேட்கவில்லை. தப்புதான். கேட்டுவிட்டு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

கல்லுக்கு நானே ஒன்று தைக்க வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். இதைப் படித்துவிட்டு நீங்கள் வராவிட்டாலும் சரி. என் இரண்டு துண்டையும் தைத்து முடிப்பேன்.

இனா


அரேயோரா
19 மே 1991

இனாங்காரோ,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஊசியைத் தொடவில்லை. காப்பித் தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கினேன். களை இல்லாததையும் பிடுங்கிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரன் வந்து கத்தினான்.

குலுக்கலில் விழுந்த கம்பளி. மண்ணுக்கடியில் என் தம்பி பக்கத்தில் ஒரு புலி. பெரியவர்கள் எல்லோரும் தன் வீட்டுத் தையலைப் போர்த்திக்கொண்டு கிடக்கிற இடத்தில், "உனக்கு யார்டா கொடுத்தாங்க இத?" என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? நீ உன் கட்டிலை நினைத்தாய். நான் அவனை நினைக்கிறேன். உன் அழுகையைப் படித்தேன், எனக்கும் அழுகை வந்தது. கோபம் அதனால் குறையவில்லை.

மாதிரியைப் பார்த்தேன். முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் கோழி கிளறின மாதிரி இருக்கிறது. தைக்கலாம்.

என் பாதியை முடித்துவிட்டேன். ராரோதோங்கா போகிறவளிடம் கொடுத்திருக்கிறேன், அங்கிருந்து உனக்கு வரும். அது அவனுடைய வேலை, பாதியில் நிறுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் வரவில்லை. அவன் கல் எதிரே நின்றால் அடியில் இருப்பதுதான் என் கண்ணுக்குத் தெரியும். வேறு யாரையாவது விட்டு எடுக்கச் சொல்.

கூரா


வுட்ரிட்ஜ்
2 ஜூன் 1991

கூரா அண்ணி,

உங்கள் பாதி வந்தது. நீங்கள் சரி சொல்லும் முன்பே ஆரம்பித்துவிட்டேன், அதனால் என் பாதியும் முடிந்தது. பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். எது யாருடையது என்று கண் தெரியாதவன்கூடச் சொல்லிவிடுவான். லொரெய்ன் வந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் யாரு, ராணியா?" என்று உங்களுடையதைக் காட்டிக் கேட்டாள். "அவங்களும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றேன்.

இரண்டையும் சேர்க்கப் பார்த்தேன், ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. நான் நூலை இழுத்து இழுத்துத் தைத்ததில் என் பாதி நாலு விரல் சுருங்கிவிட்டது. துணியை வெட்டிச் சரி செய்ய மனசில்லை. அதனால் நடுவில் வெள்ளை நூலால் ஒரு பட்டை குரோஷா பின்னி, உங்களையும் என்னையும் அதில் சேர்த்துவிட்டேன். மேலே குறுகல், கீழே அகலம். டிவைவையில் குரோஷா போடுகிற வழக்கம் இல்லை என்று தெரியும். கோபித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். தேரே எடுக்க மாட்டாள், நான் எடுக்க மாட்டேன். போதகரிடம் சொல்லிவிட்டேன். "என்னம்மா இது, எத்தன நாளைக்கு இப்படியே மூடி வெப்ப?" என்றார். "அவங்க வர்ற வரைக்கும்" என்றேன். 22ஆம் தேதி ஜெபம் நடக்கும், சாப்பாடு நடக்கும், மேல் போர்வைகளை எல்லாம் எடுப்பார்கள். நம் போர்வை மட்டும் கல்மேலேயே கிடக்கும். வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் கிடக்கும். இந்த மாதம் முழுக்க மழை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நீங்கள் அனுப்பிய சிவப்பு சாயம் விடுகிற துணி என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளையெல்லாம் சிவப்பாகட்டும்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனாங்காரோ


தந்தி
ஆத்தியூ, 12 ஜூன் 1991

பிளாஸ்டிக் போட்டு மூடு. வியாழன் இறங்குகிறேன். கழுதை. கூரா.


அரேயோரா
14 ஜூலை 1991

இனா,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். வழியில் ராரோதோங்காவில் இரண்டு நாள் தங்கல், அங்கே எல்லோருக்கும் உன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. நீ கொடுத்த தேங்காய் ரொட்டி விமானத்திலேயே தீர்ந்துவிட்டது.

கல்லிலிருந்து எடுக்கிறவளுக்கே போர்வை சொந்தம் என்பதால் காப்பிக் கொத்தை மாதர் சங்கத்துக்குக் கொண்டுபோய் விரித்தேன். எல்லோரும் குனிந்து பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு துவாயினே மெதுவாக, "நடுவுல இருக்கற பின்னல் நல்லா இருக்கே" என்றாள். "அது எங்க இனா போட்டது, யாரும் தொடாதீங்க" என்றேன். அவள் இப்போது தன் மகளுக்குத் தைக்கிறதில் அதே மாதிரி போடப் போகிறாளாம். திருட்டுச் சிறுக்கி.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருக்கலாம். எதிரே நின்றால் நீ அழுவாய், நான் திட்டுவேன், பேச்சு எங்கேயோ போய்விடும்.

நான் கிளம்புகிற காலையில் நீ என் பெட்டியில் கல்யாண டிவைவையை மடித்து வைத்தாய். துணிகளுக்கு அடியில், எனக்குத் தெரியாமல். "ஊருக்குக் கொண்டுபோய் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு வேறு. நீ தேநீர் போடப் போனபோது நான் அதை எடுத்து விரித்துப் பார்த்தேன். என் கை வேலையை இருபத்தாறு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இடது பக்கம் மட்டும் நைந்து நூலாகிக் கிடக்கிறது. செம்பருத்தியில் பாதி இதழைக் காணோம். வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. இடது பக்கம் யார் படுப்பது என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை. சின்ன வயதிலேயே அவன் போர்வையை இழுத்து மோவாயின் கீழே சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். நான் குளிரில் கிடப்பேன்.

ஒரு வருஷமாக, என் போர்வை அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்று எரிந்துகொண்டிருந்தேன். தைக்கும்போது அது கட்டிலுக்குத்தானே தைத்தேன், குழிக்கா தைத்தேன்? அவன் தீரத் தீரப் போர்த்திக்கொண்டிருக்கிறான். எனக்கு அங்கேயே உன் அறையில் உட்கார்ந்து அழுகை வந்தது. நீ தேநீர்க் கோப்பையோடு வந்து, "என்ன அண்ணி, கண்ணு செவந்திருக்கு" என்றாய். வெங்காயம் என்றேன். அந்த அறையில் எங்கே வெங்காயம்? நீயும் நம்பின மாதிரி இருந்தாய்.

அந்தப் போர்வை என் பெட்டியில் வரவில்லை. உன் மெத்தையைத் தூக்கிப் பார், அடியில் இருக்கிறது. இழுத்துப் போர்த்திக்கொள். நைந்த இடத்தில் உன் கையால் ஒட்டுப்போட்டுவிடாதே, சாமி. அப்படியே இருக்கட்டும்.

கல் திறந்த அன்று எல்லோரும் அவன் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்துப் பாதியைப் பார்த்தேன். ஒன்றும் பொறிக்காமல் வழவழவென்று விட்டு வைத்திருக்கிறாய், உனக்கு. நீ என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேரேயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "உங்கம்மா போறப்ப அந்தச் செம்பருத்திப் போர்வையப் போர்த்தித்தான் அனுப்பணும். புலி கிலின்னு ஏதாவது வெச்சே, நான் உயிரோட இருந்தா நடந்தே வந்துருவேன்" என்றேன். எழுதி வாங்கிக்கொண்டேன்.

அது அவனுக்குத்தான். நீ கொண்டுபோய்க் கொடு. அவசரம் ஒன்றும் இல்லை.

அன்புள்ள,
கூரா